இடிக்குப் பக்கத்து நாற்காலி

"மெயினா யாரு சார் ஒக்காந்து பாப்பீங்க?" என்று தேவராஜ் கேட்டபோது, கூடத்திலிருந்த அனைவரும் என்னைப் பார்த்தனர். காஞ்சிபுரத்துக் கடையிலிருந்து ஒலிபெருக்கிப் பெட்டிகள் மாட்ட வந்திருந்தவன் அவன். கறுப்பு வயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு, என் தம்பி வேதகிரியின் வீட்டுக் கூடத்தில் நீளமும் அகலமும் அளந்துகொண்டிருந்தான்.

"எங்க அண்ணந்தான்," என்றான் வேதகிரி. அவன் யோசிக்கக்கூட இல்லை. "எட்மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. அவரு குந்தின பிற்பாடுதான் இந்த வூட்ல மத்தவங்க குந்தறது."

தேவராஜ் தலையை ஆட்டிவிட்டு, மூலைக்கு மூலை நூல் பிடித்துப் பார்த்தான். பிறகு கூடத்தின் நட்டநடுவில் குனிந்து, சுண்ணக்கட்டியால் தரையில் ஒரு வட்டம் போட்டான். "அப்ப சார் இங்கதான் ஒக்காரணும். அஞ்சு பெட்டியும் இந்த எடத்தப் பாத்துதான் பேசும். முன்னாடி நடுவுல கீறது பேச்சுக்கு. அதுக்கு ரெண்டு பக்கமும் பாட்டு. பின்னாடி செவுத்துல ரெண்டு மாட்டறன் பாருங்க, காத்து, மய, கூட்டம் கத்தறது, எல்லாம் அதுல வரும்."

அவன் வட்டம் போட்ட இடம் அடுக்களையிலிருந்து தோட்டத்துக்குப் போகும் வழி. பெண்கள் கால் நீட்டி அமரும் இடம். அங்கே நாற்காலி போட்டால் பின்னால் இருப்பவர்களுக்கு என் முதுகுதான் தெரியும். அது மட்டுமன்று. எங்கள் பக்கத்துக் குடித்தன வீடுகளில் பெரியவர் ஒருவரை அமர வைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. அவர் முதுகுக்குச் சுவர் இருக்க வேண்டும். முன்னால் மனிதர் இருக்க வேண்டும். அவருக்குப் பின்னால் எவரும் அமரலாகாது. ஆகவே நாற்காலி என்றும் சுவரோரமாகவே இருக்கும்.

"இன்னாபா நீ, பெரியவரக் கொண்டாந்து நடுவூட்ல எலெக்சன் பொட்டி மாதிரி வெக்கச் சொல்றியே," என்றான் வேதகிரி. எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவன், பிரித்துப் போட்டிருந்த பெட்டிகளைச் சுற்றி வந்தான். ஐந்து பெட்டிகள் சிறியவை, ஒரு கையில் அடங்கக்கூடியவை. ஒன்று மட்டும் அரிசி டின் அளவுக்கு இருந்தது. "இது இன்னா, இம்மாம் பெருசா கீது?"

"அது சப்வூஃபர் சார். இடி, வெடி, மேளத்து அடி, அந்த மாதிரி சவுண்டு."

"கீறதுலயே பெருசு இதானே?"

"சைசுல பெருசுதான் சார். ஆனா..."

"ஆனா கீனா இன்னா? பெரியவருக்குப் பெரிய பொட்டி. அண்ணன் சேர அதுங்கிட்டப் போடு."

தேவராஜ் என்னைப் பார்த்து வாயைத் திறந்தான். கடைக்காரப் பையன் என் வீட்டு முறையைத் திருத்துவதா என்ற எண்ணத்தில், வகுப்பறையில் பேச்சை நிறுத்தும் பார்வை ஒன்றை அவன்மீது செலுத்தினேன். வாயை மூடிக்கொண்டான். மாலைக்குள் உத்திரமேரூரில் இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டும் என்று முணுமுணுத்தபடி ஆணி அடிக்கத் தொடங்கினான். அந்த ஏற்பாடு எனக்கும் முறையானதாகவே பட்டது. மரியாதை என்ற பெயரில் ஒரு மனிதனுக்கு எத்தகைய அநீதி இழைக்க முடியும் என்பதை நான் அதுவரை அறிந்திருக்கவில்லை.

அது ஏரி வறண்ட ஆண்டு. முந்தைய ஆண்டும் வறட்சிதான். மதகுக்கு அருகே மாடு மேய்ந்தது. திருப்புலிவனம் வரைக்கும் நாற்றங்கால் என்று ஒன்றைக் காண முடியவில்லை. அப்படிப்பட்ட ஆண்டில்தான் வேதகிரியின் மகன் வினோத்குமார் துபாயிலிருந்து வந்து, பெரிய தொலைக்காட்சியும் இந்த ஆறு பெட்டிகளும் வாங்கி வைத்துவிட்டுத் திரும்பிப் போனான். 'ஹோம் தியேட்டர்' என்றார்கள். வீடென்றால் வீடு, கொட்டகையென்றால் கொட்டகை. இரண்டையும் ஒட்டவைத்த அந்தப் பெயரே எனக்கு உவப்பாக இல்லை. என் வீட்டிலும் ஒரு தொலைக்காட்சி இருந்தது. அதற்கு ஒரே வாய். அந்த வாயும் பக்கவாட்டில். செய்திக்கு அது போதும். அது போதும் என்றுதான் நான் என் மனைவி கனகாவிடமும் சொல்லிவந்தேன். ஆனால் தம்பி வீட்டு நாற்காலியை நான் விடுவதற்கில்லை. நிலம் அவனிடம் பெருகியது, பணம் பெருகியது, இப்போது ஒலியும் பெருகிவிட்டது. எனக்கென்று எஞ்சியது அந்தச் சுவரோர நாற்காலி ஒன்றே. நான் எழுந்தால் அதில் அமர, மாகறலில் அரிசி ஆலை வைத்திருக்கும் அவனுடைய சம்பந்தி சுப்பிரமணி காத்துக்கொண்டிருந்தார்.

முதல் நாள் மாலையில் தெருவே கூடத்தில் திரண்டது. வேதகிரியின் மருமகள் இளமதி ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஏதோ ஒரு படத்தைப் போட்டாள். கதாநாயகி ஒரு மண்டபத்தில் தனியாக நிற்கிறாள், வானம் இருட்டுகிறது. அவ்வளவுதான். என் விலா எலும்பில் யாரோ குத்தியதுபோல் இடி இறங்கியது. நாற்காலியின் கைப்பிடி நடுங்கியது. குடித்த காப்பி வயிற்றில் நடுங்கியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து அமர்ந்தேன். அப்போதுதான் கண்டேன்: தரையில் இருந்த அத்தனை பேரும் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் திரும்பினார்கள். எதிர்வீட்டுச் சிட்டம்மாள், என்னைவிட மூத்தவள், "ஐயோ, மொளவா காயவெச்சிகீறேனே!" என்று அலறிக்கொண்டு எழுந்து வாசலுக்கு ஓடினாள். வெளியே வெயில் தாழ்ந்து, தெருப் புழுதி அப்படியே கிடந்தது. திரும்பி வந்தவளைப் பார்த்துக் கூடமே உருண்டு சிரித்தது.

"சிரிங்கடி சிரிங்க," என்றாள் சிட்டம்மாள், மூச்சு வாங்க. "மெய்யான மய வந்தா ஒருத்தியும் எழுந்துக்க மாட்டீங்க. பொய் மயன்னே நெனப்பீங்க. டேய் வேதகிரி, ஏரிக்கரையில ரெண்டு பொட்டிய மாட்டிவுடு. ரொம்பட்டும்."

நானும் சிரித்தேன். ஆனால் என் கண்கள் கனகாவின்மேல் இருந்தன. அவள் தற்செயலாகத்தான் அங்கே அமர்ந்திருந்தாள்: சுண்ணக்கட்டி வட்டத்தின்மேல், ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி. மற்றவர்கள் சிரித்து முடித்துப் படத்துக்குத் திரும்பிவிட்டார்கள். அவள் மட்டும் இடத்தோளுக்கு மேலாக, பின்சுவரை நோக்கி முகத்தைச் சாய்த்தபடியே இருந்தாள். கண் பாதி மூடியிருந்தது. யாரோ மெதுவாகக் கூப்பிட, இன்னொரு முறை கூப்பிடட்டும் என்று காத்திருப்பவளின் முகம் அது. இத்தனை ஆண்டு இல்வாழ்க்கையில் நான் கூப்பிட்ட எந்த நேரத்திலும் அவள் அவ்வாறு திரும்பியதில்லை. எனக்குக் கேட்டதெல்லாம் இடி. சாரல் இல்லை, ஓட்டில் விழும் நீர் இல்லை. ஒரு துளியும் இல்லாத வெற்று இடி.

எங்கள் இரு வீடுகளுக்கும் இடையிலுள்ள சந்தில் வீடு திரும்பும்போது கேட்டேன். "இன்னாத்துக்கு அப்பிடித் திரும்பிப் பாத்துக்கினே இருந்தே?"

"மய பெஞ்சிதேங்க."

"படத்துல பெஞ்சுது."

"படத்துல முன்னாடி பெஞ்சிது. எனக்குப் பின்னாடி பெஞ்சிது." சில அடி நடந்த பிறகு, "ஒங்களுக்கு மொதல்ல எந்தப் பக்கமா வந்துச்சி?" என்று கேட்டாள்.

"ரெண்டு பக்கமும்தான்."

"இல்லியே. பீச்சாங்கைப் பக்கமா சொட்டு சொட்டா வந்து, அப்பறமாத்தான எல்லாப் பக்கமும் புடிச்சிது?"

"ஆமாம், அப்படித்தான்," என்றேன்.

மறுநாளே இளமதியிடம் சொல்லி, பெட்டிகளுடன் வந்த ஆங்கிலக் கையேட்டை வாங்கி வந்தேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு பாடத்தைத் தயாரிப்பதைப் போலவே வாசித்தேன். தெளிவாகத்தான் எழுதியிருந்தார்கள். கேட்பவனை நடுவில் அமர்த்தி, அவனைச் சுற்றி ஒலியை வைப்பதே இதன் அடிப்படை. பேச்சு திரையிலிருந்து வர வேண்டும். ஆகவே அதற்குரிய பெட்டி திரைக்குக் கீழே. இடமும் வலமும் இசை. பின்புறத்து இரண்டும் சூழலுக்கு. எல்லாப் பெட்டிகளின் ஒலியும் ஒரே நேரத்தில் வந்து சேரும் இடம் அறையில் ஒன்றுதான் உண்டு; அவ்விடத்தை விட்டு விலக விலக, அருகில் உள்ள பெட்டி மற்றவற்றை விழுங்கிவிடும். இதுவரை குற்றமில்லை. அதன் பிறகு அந்தப் பெரிய பெட்டியைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. மிகத் தாழ்ந்த சுருதியில் எழும் ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதை மனிதச் செவி பிரித்தறியாது. ஆகவே அதை எங்கே வைத்தாலும் பெரிய வேறுபாடு இல்லை. அறையில் இடைஞ்சல் இல்லாத ஏதேனும் ஒரு மூலையில் தள்ளிவைக்கலாம்.

அந்தப் பத்தியை நான் மீண்டும் மீண்டும் படித்தேன். ஆறு பெட்டிகளுள் இடம் ஒரு பொருட்டாகாத பெட்டி அது ஒன்றே. அதன் பக்கத்தில்தான் என்னை வைத்திருக்கிறார்கள். அதுவும் வணங்கி வைத்திருக்கிறார்கள்.

படித்ததை அன்று மதியமே கனகாவுக்கு விளக்கினேன். பலகை இல்லாத குறையாகத் தரையில் புளியங்கொட்டைகளை வைத்துக் காட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். "சரியாத்தான் இருக்கும்," என்றாள். பிறகு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். முன்பெல்லாம் செய்தியில் ஓர் ஊர்ப் பெயர் வந்தால் அது எந்தத் திசையில் இருக்கிறது என்று என்னைக் கேட்பாள். காஞ்சிபுரத்தில் என்ன நடந்தது, சென்னையில் என்ன விலை, சட்டசபையில் யார் பேசினார் என எதுவாயினும் என் வாய் வழியாகத்தான் அவளுக்குப் போக வேண்டும். இப்போது அவளிடம் ஒன்று இருந்தது. அது என் வழியாகப் போனதன்று. என்னால் விளக்க முடிந்தது. ஆனால் அது என்னிடம் இல்லை. பசித்தவன் பக்கத்து இலையைப் பார்ப்பதுபோல் நான் என் மனைவியின் காதுகளைப் பார்க்கத் தொடங்கினேன்.

நாள்தோறும் அதே படம், அதே மண்டபம். "மய வர்றதப் போடும்மா," என்று வந்தவுடனேயே கேட்பார்கள். கதை ஒருவருக்கும் வேண்டியிருக்கவில்லை. இளமதி ரிமோட்டை அமுக்கி நேராக மழைக்குப் போய்விடுவாள். களைக்கு ஆளெடுக்காத ஆண்டு. அந்தி நேரத்தில் எவருக்கும் வேலை இல்லை. ஊர் அங்கே வந்து மழையைக் கேட்டுவிட்டுப் போயிற்று. கனகா பொழுதிருக்கவே சோற்றை வடித்து, தலைவாரி, எனக்கு முன்பாகவே புறப்பட்டுவிடுவாள். சுண்ணக்கட்டிக் கோடு முதல் நாள் துடைத்ததிலேயே அழிந்துவிட்டது. எனினும் அந்த இடம் எல்லோருக்கும் தெரியும். "அது கனகாக்கா எடம், நவுரு," என்பார்கள். எவரும் அவளுக்கு எழுந்து நின்று வணக்கம் சொல்லவில்லை. கொஞ்சம் நகர்ந்துகொண்டார்கள், அவ்வளவே. எனக்கோ, நுழையும்போதே கூடம் முழுவதும் எழுந்து நின்றது. நின்று, என்னைக் கொண்டுபோய் இடிக்குப் பக்கத்தில் அமர்த்திவிட்டு, தரையில் இறங்கி மழைக்குள் போயிற்று.

எல்லோரும் பின்புறம் திரும்பும்போது நான் மட்டும் திரும்பாமல் இருந்தால் அது வெளிப்படையாகத் தெரியும் அல்லவா? ஆகவே நானும் திரும்பத் தொடங்கினேன். கனகாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் தலை இடப்புறம் சாய்ந்ததும் என் தலையையும் சாய்ப்பேன். அவள் புன்னகைத்தால் நானும் சற்றுப் புன்னகைப்பேன். இது சில நாள்கள் நன்றாகவே நடந்தது. ஒருநாள் திரையில் மண்டபம் வந்து வானம் இருட்டுவதற்கு முன்பே அவள் சட்டென்று திரும்பினாள். நானும் உடனே திரும்பி, ஓட்டைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினேன். பின்னால் இருந்த ஒருத்தி, தண்ணீர்ச் செம்பு கேட்டு அவள் தோளைத் தொட்டிருக்கிறாள்.

"இன்னா வாத்தியாரே," என்றது சிட்டம்மாளின் குரல். "மய இன்னும் வரவேயில்ல, நீங்க அதுக்குள்ள திரும்பிப் பாத்து ரசிக்கிறீங்க? ஒங்களுக்கு மட்டும் தனியா பெய்துதா?"

கூடம் வெடித்தது. வாயில் வெற்றிலையுடன் இருந்தவர்களுக்குப் புரையேறியது. இளமதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வேதகிரி, "ஏ ஆத்தா, சும்மா கெட," என்று அதட்டிவிட்டு என் பக்கம் வந்தான். அவன் முகத்தில் கேலி இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "ஏண்ணா, அங்க சரியாக் கேக்கலியா? சேர எட்த்து நடுவுல போடவா? பொம்பளைங்கள அந்தாண்ட தள்ளிக் குந்தச் சொல்றேன்."

கனகா தரையில் கையூன்றிப் பாதி எழுந்துவிட்டாள். "நான் எழுந்துக்கறேன். அவரு வந்து இங்க குந்தட்டும்."

அந்த ஒரு கணம் அது எனக்குக் கிடைப்பதாக இருந்தது. இரண்டு எட்டு எடுத்து வைத்து, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, அத்தனை பேருக்கும் நடுவில், அத்தனை பேருக்கும் கீழே, என் மனைவி சூடாக்கி வைத்த தரையில் அமர வேண்டும். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று ஊரறியச் சொல்வதற்கு அது ஒப்பானது.

"எனக்கு இங்கே நன்றாகவே கேட்கிறது," என்றேன். சபையில் பேசும் தமிழில்தான் சொன்னேன்.

கனகா எழுந்தவாறே என்னைப் பார்த்தாள். மழை எந்தப் பக்கமாக வந்தது என்று அவள் கேட்ட அன்று நான் சொன்ன விடை பொய் என்பது அப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது. மறுபடியும் தன் இடத்தில் அமர்ந்தாள். இடி இறங்கியது. அவள் திரும்பினாள். நான் திரும்பவில்லை.

சந்தில் இறங்கியதும் சொன்னேன். "நாளையிலருந்து நீ அங்க போவ வேணாம்."

"ஏன்?"

"வேணாம்னா வேணாம். பொட்டியில வர்ற மயைக்கு தெனம் தலவாரிக்கினு ஓடுவாங்களா? ஊரு சிரிக்குது."

"ஊரு என்னப் பாத்து சிரிக்கலியே," என்றாள் கனகா.

ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான். அவளை மட்டும் நிறுத்திவிட்டு நான் போனால் ஊர் வேறு விதமாகப் பேசும். ஆகவே நானும் போவதில்லை என்று முடிவு செய்தேன். நாற்காலியில் மாகறல் சம்பந்தி உட்காரட்டும். அந்த இடி அவர் வயிற்றையும் கலக்கட்டும்.

மறுநாள் அந்தியில் இளமதி வந்து வாசலில் நின்றாள். "பெரிய மாமா, மாமா ஒங்களக் கூட்டியாரச் சொன்னாரு. எங்கப்பா வந்துகீறாரு. சேர்ல குந்துங்கன்னா மாட்டேன்றாரு. அது பெரியவரு எடம், அவரு வரட்டும்னு நின்னுக்கினே கீறாரு."

"தலவலிக்குதுன்னு சொல்லு," என்றேன்.

அவள் கனகாவைப் பார்த்தாள். "நீங்களாச்சும் வாங்க பெரியத்தே. ஒங்க எடத்துல யாரும் குந்தல."

"ரேசன் அரிசி, ஒரே கல்லு," என்றாள் கனகா, முறத்திலிருந்து தலையெடுக்காமல். "பொறுக்கிக்கினு கீறேன். நீ போம்மா."

எங்கள் வீட்டில் கூடத்தை ஒட்டி ஒரு சிறிய முற்றம் உண்டு, மேலே வானம். அதன் விளிம்பில், தரையில் அமர்ந்து, முறத்தை முற்றத்துப் பக்கம் நீட்டி, மிச்சமிருந்த வெளிச்சத்தில் அவள் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சுவரோரம் என் நாற்காலியில் இருந்தேன். தொலைக்காட்சியைப் போடவில்லை. சந்துக்கு அப்பால் பேச்சொலி ஓய்ந்தது. எல்லோரும் அமர்ந்துவிட்டார்கள் என்று தெரிந்தது. நான் காத்திருந்தேன். தாழ்ந்த சுருதி ஒலி மட்டுமே சுவர் தாண்டும் என்று கையேட்டில் படித்திருந்தேன். மற்றவையெல்லாம் அந்தக் கூடத்துக்குள்ளேயே தங்கிவிடும். அவ்வாறே ஆயிற்று. இரண்டு சுவர்களையும் ஒரு சந்தையும் கடந்து இடி மட்டும் வந்தது. பேச்சு இல்லை, பாட்டு இல்லை, சாரல் இல்லை. இத்தனை நாள் எனக்கு எது கேட்டதோ, அதுவேதான் இப்போது அவளுக்கும் கேட்கும். நான் விரும்பியது இதுதான். நிம்மதியாக மூச்சு விட்டேன்.

இரண்டாவது இடி வந்தபோது அவள் விரல்கள் அரிசியில் நின்றன. தலை நிமிர்ந்தது. மெதுவாக, மிக மெதுவாக, அவள் முகம் இடத்தோளுக்கு மேலாகச் சாய்ந்தது. கண் பாதி மூடிற்று. முற்றத்துக்கு மேலே வானம் ஒரு கீற்று மேகமும் இல்லாமல் வெளுத்துக் கிடந்தது. கனகா கை நீட்டி, முறத்தை முற்றத்து விளிம்பிலிருந்து தன் பக்கமாக, நனையாத தொலைவுக்கு இழுத்துக்கொண்டாள்.

"கனகா," என்றேன்.

அவள் திரும்பவில்லை. ஒரு கையை ஊன்றிச் சற்றே நகர்ந்து அமர்ந்தாள். தன் பக்கத்தில் காலியான தரையில் சிந்தியிருந்த நொய்யை முந்தானையால் துடைத்தாள். ஒருவர் சம்மணமிட்டு அமரும் அளவுக்கு இடம் சுத்தமாயிற்று. அதன்மேல் உள்ளங்கையை ஒரு முறை வைத்து எடுத்தாள். பிறகு முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, அசையாமல், இடப்பக்கமாகக் காது கொடுத்து இருந்தாள்.

சந்துக்கு அப்பாலிருந்து மீண்டும் இடி வந்தது. என் கைகளின் கீழ் நாற்காலியின் கைப்பிடிகள் நடுங்கின.